மூத்த ராணிக்கு ஒரு காதோலை

கம்பவுண்டர் வீட்டு அத்தைக்கு முதலில் பிடித்தது என்னைத்தான். இதை யார் வந்து எப்படிச் சொன்னாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் தெருவுக்கு டிவி வருவதற்கு முந்தி, என் பெரியப்பா மகள் அந்த வீட்டு பிரம்பு மோடாவில் ஏறி உட்காருவதற்கு முந்தி, நான்தான் அங்கே செல்லப் பெண்.

ஸ்ரீரங்கம் ரயிலடிக்குப் பின்னால் எங்கள் தெரு. அப்பாவுக்குப் பூ வியாபாரம். விடிவதற்குள் கூடை வந்து இறங்கும், நானும் அம்மாவும் கட்டுவோம். கட்டுவதற்குக் கை போதவில்லை என்று மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். நான் அழவில்லை. என் சரம் நெருக்கமாக இருக்கும், ஒரு மொட்டு மேலே கீழே போகாது. அந்தத் தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கை கிடையாது.

அடுத்த வீடு பெரியப்பா வீடு. அவருக்கு ரயில்வேயில் வேலை. அதனால் அவர் மகள் பள்ளிக்கூடம் போனாள். அது போதாதென்று சாயங்காலம் இந்தி வகுப்புக்கும் போனாள். நான் வாசலில் வாழைநார் கிழித்துக்கொண்டிருக்கும்போது, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போவாள். என்னைவிட மூத்தவள், அக்கா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். அதற்கு மேல் நான் அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

பெரியப்பா வீட்டுக்கு அந்தப் பக்கம் கம்பவுண்டர் வீடு. இரண்டுக்கும் ஒரே சுவர். அங்கே குரல் உயர்ந்தால் பெரியப்பா வீட்டில் கேட்கும். கம்பவுண்டர் தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக்கொடுப்பவர். அத்தைக்குப் பிள்ளை இல்லை. நான் பூக் கொண்டுபோனால் உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைப்பாள்.

"இது முடியாடி? தேங்கா நாரு. உங்கம்மா பூவுக்குத் தெளிக்கிற தண்ணியில கொஞ்சம் ஒன் தலையில தெளிச்சா என்ன?" என்பாள். சிக்கெடுத்துப் பின்னிவிட்டு, நான் கொண்டுபோன சரத்திலேயே ஒரு சாண் கிள்ளி என் தலையில் வைத்து அனுப்புவாள். நாள் முழுக்கப் பூவோடு பழகுகிறவள் நான். என் தலையில் பூ இருந்தது அந்த வீட்டுக் கையால்தான்.

பிறகு அந்த வீட்டுக்கு டிவி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ராஜா கதை போட்டார்கள். வடக்கே எங்கேயோ பழைய காலத்தில் ஆண்ட ராஜாவாம். எல்லாம் இந்தி. தெருவே போய் உட்கார்ந்து குதிரையையும் கத்தியையும் வாயைப் பிளந்து பார்க்கும், ஒரு எழுத்துப் புரியாது.

"என்னடி சொல்றான் அந்த மீசக்காரன்?"

"பசிக்குதுங்கறான் போல."

"சிம்மாசனத்துல உக்காந்துக்கிட்டா?"

இப்படிக் கொஞ்ச நாள் ஓடியது. ஒரு ஞாயிறு அக்கா வந்தாள். மீசை ராஜா ஒரு வரி பேசியதும் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னாள். அவ்வளவுதான். அத்தை எழுந்து உள்ளே இருந்த மோடாவைக் கொண்டுவந்து தனக்குப் பக்கத்தில் போட்டாள். அன்றிலிருந்து அது அக்காவின் இடம். அவளுக்கு மட்டும் டம்ளரில் காபி. எனக்குக் கதவோரம், செருப்புகள் குவிந்து கிடக்கும் இடம்.

ராஜாவுக்கு இரண்டு ராணிகள். மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை. இளையவளுக்கு ஒரு மகன், வாய் நிறைய விஷம். மூத்த ராணி திரையில் வந்தால் தெருவே நிமிர்ந்து உட்காரும். அவள் எவ்வளவு நேரம் அழுதாலும் அக்கா சொல்லும் தமிழில் தைரியமாகத்தான் பேசுவாள். "உன்னக் கேக்காம இந்த நாட்டுல ஒரு இலை அசையாதுன்னு ராஜா சொல்றாரு," என்பாள் அக்கா. "ஆமா, அசையாது," என்பாள் பால்காரம்மா, தானே மந்திரி மாதிரி. அத்தை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

அந்தப் பிடித்த கைதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பூக் கொண்டுபோனால் இப்போதெல்லாம், "வச்சிட்டுப் போ கண்ணு," என்று சமையலறையிலிருந்தே குரல் வந்தது. என் தலை பழையபடி தேங்காய் நாரானது.

கடைவீதியில் வட்டிக்கடை சேட்டு வீட்டுக்கும் நான்தான் சாமிப்பூ கொடுப்பேன். சேட்டம்மாவுக்கு இந்திதான் தாய்மொழி, நம் ஊருக்கு வந்து தமிழும் ஒருவிதமாகப் பேசுவாள். ஒரு திங்கட்கிழமை பேச்சோடு பேச்சாக, "நேத்து ராஜா மூத்த ராணிகிட்ட மன்னிப்புக் கேட்டாரே, பாத்தீங்களா?" என்றேன்.

"எங்கே கேட்டான்?" என்றாள் சேட்டம்மா. "ராஜா கத்தினான். ராணி அழுதான்."

நான் கூடையைக் கீழே வைத்தேன். அடுத்த திங்களும் கேட்டேன். அதற்கடுத்த திங்களும். ஒவ்வொரு வாரமும் சேட்டு வீட்டில் ஒரு கதை, எங்கள் தெருவில் வேறு கதை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். அக்காவுக்கு இந்தி தெரியாது! புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய் வந்ததெல்லாம் வெறும் வேஷம்!

ஆனால் நான் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? மூன்றாம் வகுப்புக்காரி, பூக்கூடைக்காரி. பொறாமையில் உளறுகிறது என்பார்கள். இந்தி பேசுகிறவளையே கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

ஆடிக்காற்று எனக்கு உதவி செய்தது. கதை முடியப் போகிற வாரத்தில் சேட்டு வீட்டு மாடியில் இருந்த ஆன்டெனாவைச் சாய்த்துவிட்டது. சேட்டம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "எங்க தெருவுக்கு வாங்க. கம்பவுண்டர் வீட்டுல பாக்கலாம், நல்லவங்க," என்றேன். அவளும் வந்தாள்.

அந்தக் கடைசி ஞாயிறு கூடம் கொள்ளவில்லை. பால்காரம்மா மாட்டைக் கறந்த கையோடு வந்திருந்தாள். தெருக்கோடியில் இருந்த ரிட்டயர்டு போஸ்ட்மேன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். எந்நாளும் உள்ளறையில் பேப்பர் படிக்கும் கம்பவுண்டர்கூட நிலையில் சாய்ந்து நின்றார். முசிறியிலிருந்து அவருடைய அம்மா வந்து தங்கியிருந்தாள். அவள் சுவரோரமாகச் சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். அத்தை சேட்டம்மாவுக்கு நாற்காலி போட்டாள். நான் அந்த நாற்காலியின் காலடியில் உட்கார்ந்தேன். செருப்புக் குவியலை விட்டு முன்னுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

திரையில் ராஜசபை. இளைய ராணியின் மகனுக்கு முடி சூட்டியாயிற்று. மூத்த ராணி வெள்ளைப் புடவையில் நடுவில் நிற்கிறாள். ராஜா முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். கூடம் முழுவதும் அக்காவின் வாயைப் பார்த்தது. அக்கா டிவியைப் பார்க்கவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"போகாதன்னு ராஜா கெஞ்சுறாரு," என்றாள். "நீ இல்லாத அரண்மன எனக்கு எதுக்குங்கறாரு."

ராணி குனிந்து பேசினாள். அக்காவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "யாரும் என்ன அனுப்பல. நானாத்தான் போறேன்னு சொல்றா."

"அப்படிப் போடு! மானஸ்தி!" என்று பால்காரம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

இதற்குத்தானே காத்திருந்தேன். கூடம் முழுக்கக் கேட்கும்படி, "சேட்டம்மா, ராஜா அப்படியா சொல்றாரு?" என்றேன்.

சேட்டம்மா அழுகையில் இருந்தாள். யோசிக்காமல் சொன்னாள். "இல்லே இல்லே. ராஜா எங்கே கெஞ்சறான்? புள்ளே இல்லே, நீ போ, அப்படி சொல்றான். ராணி பாவம், காலு புடிக்கறான். வெச்சுக்கோ, மூலையிலே வெச்சுக்கோ, சொல்றான்."

உரல் சத்தம் நின்றது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. இப்போது எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள், மோடா காலியாகப் போகிறது என்று காத்திருந்தேன். தெரு திரும்பியது. ஆனால் அக்கா மேல் இல்லை.

"யாரு கால்ல யாரு விழறது?" என்று பால்காரம்மா எழுந்தாள். "இத்தன மாசமா கண்ணு கொட்டாம பாக்குறோம், எங்க ராணி எப்படின்னு எங்களுக்குத் தெரியாதா? அவளாவது, மூலையில கெடக்கறேன்னு சொல்றதாவது!"

"என் பாஷே, எனக்கு தெரியாதா?" என்றாள் சேட்டம்மா.

போஸ்ட்மேன் தொண்டையைக் கனைத்தார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசுறது வீட்டு இந்தி. நம்ம பொண்ணு படிக்கறது பரீட்சை இந்தி. நீங்க பரீட்ச எழுதி பாஸ் பண்ணியிருக்கீங்களா?"

சேட்டம்மா எழுந்து போய்விட்டாள். "நிறுத்து அத," என்று கம்பவுண்டர் யாரையும் பார்க்காமல் சொன்னார். அத்தை டிவியை நிறுத்தினாள். போகிற வழியில் அக்காவின் தலையை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போனாள். என் தலையும் பக்கத்தில்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து குழாயடியில் அதே பேச்சு. ராணி தானாகப் போனாள் என்பதில் தெருவுக்கு ஒரே கருத்து. போனவள் திரும்பி வருவாளா என்பதில்தான் சண்டை, குடம் உருண்டது. பால்காரம்மா தன் வீட்டுச் சேவலுக்கு மீசை ராஜா என்று பெயர் வைத்து, அடுத்த ஞாயிறே அறுத்துக் குழம்பு வைத்தாள். சேட்டு வீட்டில் பூ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "ஒனக்கு எதுக்குடி அரண்மனப் பஞ்சாயத்து?" என்று அப்பாவிடம் எனக்குத் திட்டு.

ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குத் தெருப் பெண்கள் சேர்ந்து போனோம். காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. வழக்கம்போலக் காவிரித் தாய்க்குக் காதோலையும் கருகமணியும் ஆற்றில் விட்டார்கள். பால்காரம்மா மட்டும் கூடுதலாக ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தாள். "இது மூத்த ராணிக்கு. பாவம், அந்த ஊருல அவளுக்கு யாரு இருக்கா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அத்தை கையை நீட்டி அதை வாங்கினாள். தண்ணீரில் இறங்கி, பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்க, தானே விட்டாள். காதோலை சுழித்துக்கொண்டு போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோரும் ஒருவருக்கொருவர் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். அத்தை கட்டிக்கொள்ளவில்லை. கயிறு தீர்ந்துவிட்டது போல என்று என் மடியில் இருந்த ஒன்றை ஓடிப்போய் நீட்டினேன். "நீ வச்சுக்க கண்ணு," என்று என் விரல்களை மடக்கிவிட்டாள். அக்கா நீட்டியிருந்தால் வாங்கியிருப்பாள் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தேன்.

கம்பவுண்டருக்கு முசிறியில் பெண் பார்த்துப் பேசி முடித்தது சித்திரையிலேயே என்று நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னாள். எனவே என் வாயால் எதுவும் ஆகிவிடவில்லை. யாரும் அப்படிச் சொல்லவும் வேண்டாம். அந்தப் பேச்சு நடந்த இரவுகளெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா படுத்திருந்தாள். இந்திப் பரீட்சையில் அவள் முதல் வகுப்பு, பிற்பாடு இந்தி டீச்சராகவே வேலை பார்த்தாள். அந்த ராஜா சொன்னதில் ஒரு சொல்லும் அவளுக்குப் புரியாமல் போயிருக்காது.

ஆவணி பிறந்ததும் ஒரு காலையில் கம்பவுண்டர் வீட்டு வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா நின்றது. அத்தையின் டிரங்குப் பெட்டியை ஏற்றினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் பஸ் பிடித்துத் தாய்வீடு போகிறாள் என்றார்கள். கதை முடிந்துவிட்டது, அத்தைக்குப் பொழுது போகவில்லை என்று நான் நினைத்தேன். அன்றைய சரத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வைப்பதற்கு முந்தி ஒரு சாண் கிள்ளி, எத்தனையோ நாளுக்குப் பிறகு, என் தலையில் வைத்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போம்மா. தெருவே பாக்குது," என்றாள் வாசலில் நின்ற மாமியார்.

அத்தை ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தாள். மாமியாரைப் பார்க்கவில்லை, கம்பவுண்டரையும் பார்க்கவில்லை. எங்களையெல்லாம் பார்த்து நிதானமாக, "யாரும் என்ன அனுப்பல. நானாத்தான் போறேன்," என்றாள்.

பால்காரம்மா அன்றைக்குப் போலவே முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். எனக்குச் சுருக்கென்றது. போகிற நேரத்திலும் அக்கா சொன்ன வசனம்தானா? நான் கொடுத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, வாயில் அவளுடைய பேச்சா? ரிக்‌ஷா மூலை திரும்புவதற்குள் என் தலையில் இருந்த ஒரு சாண் பூவைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டேன்.

நிமிர்ந்தால், எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு அக்கா விக்கி விக்கி அழுகிறாள். ஜெயித்தவள் அவள்தானே, அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.