ஒரே எர்த்துக்கு இரண்டு பெயர்

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் ராமலிங்கத்தைப் பிடிக்காதவர்கள் பலர் இருந்தனர். அது அவருக்குத் தெரியும். தெரிந்ததில் ஒரு நிறைவும் உண்டு. தொலைபேசித் துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். கம்பத்துக்குக் கம்பம் நடந்து, கம்பியின் இரைச்சலைக் காதால் கேட்டே பழுது எந்தப் பக்கம் என்று சொல்லிப் பழகியவர். மனிதர்களிடத்தும் முதலில் பழுதைத்தான் தேடுவார். தேடியது கிடைக்காமற் போனதில்லை.

கடலூரிலிருந்து மாற்றலாகி அவர் புதுச்சேரிக்கு வந்தது 1971-இல். நாற்பதை நெருங்கியும் மணமாகாதிருந்தவருக்கு ஜொசியானைப் பேசி முடித்தவர் அவருடைய மேலதிகாரி. ஜொசியானின் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் பெற்றவர்; குடும்பம் முழுவதும் பிரெஞ்சுக் குடியுரிமை. அம்மன் கோயிலிலா மாதா கோயிலிலா என்று சில மாதம் இழுபட்ட திருமணம், கடைசியில் பதிவு அலுவலகத்தில் முடிந்தது. வீடு ஜொசியான் பெயரில் இருந்தது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டியும் ஒரு வால்வு ரேடியோவும்தாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே சண்டை தொடங்கிவிட்டது. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த ஜொசியானின் உறவினர்கள் கூடத்தில் அமர்ந்து பிரெஞ்சில் பேசினார்கள், நடுவே சிரித்தார்கள். தம்மைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று ராமலிங்கம் முடிவு செய்தார். அடுப்பில் கருகிப்போன கறியைப் பற்றிய சிரிப்பு அது என்று ஜொசியான் பிறகு சொன்னாள். அவர் நம்பவில்லை. எழுந்து போய் ரேடியோவின் குமிழைக் கடைசிவரை திருகினார். மாநிலச் செய்திகள் முழங்கின. கூடத்தில் பிரெஞ்சு அடங்கிற்று.

அன்று கண்டுகொண்ட ஆயுதத்தை அவர் பிறகு கீழே வைக்கவே இல்லை. ரேடியோவோடு ரெக்கார்டு பிளேயர் சேர்ந்தது, அப்புறம் டேப்ரிக்கார்டர். வீராம்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு வரும் ஆயம்மா வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்ப்பாள். "இந்த ஊட்டம்மாவுக்கு மீன் விக்கணும்னா நான் ரேடியோ டேசனுக்குப் போய்த்தான் கூவணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். பிரெஞ்சில் ஒரு சொல்லைக் கூடக் கற்பதில்லை என்பது ராமலிங்கத்தின் இன்னொரு விரதம். அந்த விரதத்தை வீட்டில் எல்லோரும் அறியுமாறு காத்தார். கேக்கை 'கத்தோ' என்று யாராவது சொன்னால், வேறு பெயர் சொல்லும்வரை தொடமாட்டார்.

1987-இல் மாமியார் மரணப் படுக்கையில் கிடந்தார். அவஸ்தைப் பூசுதல் என்னும் கடைசிச் சடங்குக்காகச் சாமியார் வந்திருந்தபோது கிரிக்கெட் வருணனை ஓடிக்கொண்டிருந்தது. ஜொசியான் வந்து கை கூப்பினாள். ராமலிங்கம் குமிழைத் திருப்பினார், பாதியளவுக்கு. "பாதி கொறைச்சேன் இல்ல?" என்பதே அதற்குப் பிறகும் அவருடைய வாதமாக இருந்தது. அன்றுமுதல் ஜொசியான் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவரிடம் ஒருமுறையும் கேட்டதில்லை.

அவர் ஓய்வு பெற்ற 1989-ஆம் ஆண்டில் அவளுடைய அண்ணன் ஜூல் பிரான்சிலிருந்து வந்தார். அங்கே ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்ந்தவர்; மனைவியை இழந்தவர். தங்கையைக் கூடவே அழைத்துப் போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். அன்பு பாதி, அடுப்பு பாதி. அவளுடைய பாஸ்போர்ட் செல்லுபடியாகும் நிலையில் இருந்தது. அதை அவள் கூடத்து மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டுக் கணவரிடம் பேசினாள்.

"இங்க பாருங்க. அண்ணன் மிஷினும் காஸ்க்கும் கொண்டாந்திருக்காரு. காதுல மாட்டிக்கிட்டு எவ்ளோ சத்தம் வேணுமோ வெச்சுக்கங்க. ஊட்டுக்குள்ள இனிமே சத்தம் வரக் கூடாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வெள்ளிக்கிழமை அண்ணனோட நானும் ஏறிடறேன்."

"காஸ்க்காம்! ஹெட்போன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"போறப்ப ஊட்டப் பூட்டிட்டுத்தான் போவேன்."

"பூட்டு. எனக்குக் கடலூர் இல்லையா?"

சொல்லிவிட்டாரே தவிர, கடலூரில் அவருக்கு யாரும் இல்லை. வீடு போவதுகூட அவ்வளவாக உறுத்தவில்லை. சத்தம் போடுகிறவனுக்கு எதிரே ஒரு காது வேண்டும்; அந்தக் காது விமானம் ஏறிவிட்டால் பிறகு தாம் யாருக்கு எதிராக வாழ்வது என்ற எண்ணம்தான் உறுத்தியது. அவள் போகவும் கூடாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊமையாக உட்காரவும் கூடாது. ஒரே வழிதான் தெரிந்தது. கொண்டுவந்த கருவிகளையெல்லாம் முறைப்படி சோதித்து, ஒன்றும் உதவாது என்று நிறுவிவிடுவது. 'நான் தயார்தான், பொருள்தான் மட்டம்' என்று சொன்னால், குற்றம் தம்மேல் நிற்காது.

ஜூல் கொண்டுவந்த மிஷினில் சுழலும் குறுந்தட்டு, அதாவது சி.டி., அப்போது புதுச்சேரியில் பலர் கண்ணால் கண்டிராத பொருள். அதில் ஒலி எண்களாகப் பதிந்திருக்கிறது; அந்த எண்களைக் காது கேட்கும் அலையாக மாற்றித்தர ஒரு பெட்டி வேண்டும். தட்டைச் சுழற்றும் கருவிக்குள்ளேயே அப்படியொன்று இருந்தாலும், ஹெட்போனை நேரே அதில் செருகினால் இரைச்சல் காதுக்குத் தெரியும் என்பதால், ஜூல் தனிப் பெட்டிகளாக இரண்டு வாங்கி வந்திருந்தார். ஒன்று ஜப்பானில் செய்தது. மற்றது பிரான்சில் அவருடைய நண்பர் ஒருவர் தம் பட்டறையில் கையால் செய்தது.

"ரெண்டையும் கேட்டுப் பாருங்க மாப்ளே. எந்தக் கொன்வெர்த்திசேர் புடிக்குதோ அத எடுத்துக்கங்க. மத்தத நான் கொண்டுபோயிடறேன்" என்றார் ஜூல்.

"கன்வர்ட்டர்" என்றார் ராமலிங்கம். "சோதிக்கிற முறை என்னுது. நடுவுல யாரும் கை வெக்கக் கூடாது, வாயும் வெக்கக் கூடாது."

செவ்வாய்க்கிழமை காலை கூடத்து மேசை துடைக்கப்பட்டது. ஒரே தட்டு, அதில் ஒரே இடம், ஒரே அளவு சத்தம் என்று ராமலிங்கம் விதி வகுத்தார். அந்த விதியில் குறை சொல்ல யாராலும் முடியாது. வேலையில் அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தட்டு, பாரிஸில் பதிவான வீணை. மீட்டிய தந்தியின் நாதம் தேய்ந்து தேய்ந்து மறையும் இடத்தை அவர் தேர்ந்துகொண்டார். நாதம் எங்கே முடிகிறது, பெட்டியின் இரைச்சல் எங்கே தொடங்குகிறது என்பது அந்த இடத்தில்தான் தெரியும்.

முதலில் தட்டுக் கருவியிலேயே ஹெட்போனைச் செருகினார். நாதம் பாதியிலேயே இரைச்சலில் முழுகிப் போயிற்று. "தள்ளுபடி" என்றார். யாரும் மறுக்கவில்லை.

அடுத்தது ஜப்பான் பெட்டி. அதன் முதுகில் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கம்பிகளைச் செருக அவருக்கு நேரமாகவில்லை. கண்ணை மூடினார். தந்தி அதிர்ந்தது, நாதம் மெலிந்தது, நூலாயிற்று, நூலும் அற்ற பிறகு ஒன்றுமே இல்லை. அப்படியொரு ஒன்றுமின்மையை அவர் எந்தக் கம்பியிலும் கேட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஊசியா குத்துது" என்றார் ஹெட்போனைக் கழற்றி. "பத்து நிமிஷம் கேட்டா தலைவலி வரும்."

"கண்ண மூடிக்கிட்டுச் சொக்கிப்போய் உக்காந்திருந்தீங்களே மாப்ளே! குத்துனா அப்படித்தான் இருக்குமா?"

"வலியப் பொறுத்துக்கிட்டு இருந்தேன் மச்சான்."

ஜொசியான் சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். பாஸ்போர்ட் மேசையின் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, உள்ளே எடுத்து வைக்கப்படவில்லை.

மூன்றாவதாகப் பிரெஞ்சுப் பெட்டியைக் கையில் எடுத்தபோது ராமலிங்கத்துக்கு உற்சாகம் வந்தது. பார்க்கவே தகர டப்பா போல் இருந்தது. திருப்பினார். முதுகில் மூன்று துளைகள். தனியே இருந்த ஒன்றின்மேல் 'இ' என்ற ஆங்கில எழுத்து. சேர்ந்திருந்த இரண்டின்மேல் 'டி', 'ஜி'. அவர் சிரித்தார்.

"பாத்தீரா மச்சான் உம்ம சிநேகிதன் லட்சணத்த? 'டி'ன்னா டிஜிட்டல். சரி. 'இ'ன்னா எர்த். அதுவும் சரி. அப்புறம் 'ஜி'ன்னு ஒண்ணு, கிரவுண்டு! எர்த்தும் கிரவுண்டும் ஒண்ணுதானேய்யா! ஒரே ஆளுக்கு ரெண்டு தேசம் வெச்சுக்கிற சனம், ஒரே எர்த்துக்கு ரெண்டு பேரு வெச்சதுல ஆச்சரியம் இல்ல."

ஜூல் வாயைத் திறந்தார். ஜொசியான் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அண்ணே, சும்மா இரு" என்றவள் கணவரைப் பார்த்தாள். "அந்த எழுத்து இன்னான்னு யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுக்கங்களேன்."

அவள் குரலில் ஏளனம் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவருக்கும் அது தெரிந்தது. பதினெட்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் அவர் கேட்காதிருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

"எனக்கா? கம்பியோடவே பொறந்து கம்பியோடவே வளந்தவனுக்கா? எவன் சொல்லித்தரணும்?"

தட்டுக் கருவியிலிருந்து வந்த கம்பியை 'டி'யில் செருகினார். 'இ'யிலும் 'ஜி'யிலும் ஒவ்வொரு செம்புக் கம்பியை மாட்டி, இரண்டையும் முறுக்கிச் சன்னலுக்கு வெளியே தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டு வந்தார். ஹெட்போனைப் பெட்டியின் முன்புறத்தில் செருகி மாட்டினார். தட்டு சுழன்றது. ஒன்றும் கேட்கவில்லை. குமிழைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. கடைசிவரை திருப்பினார். ஒன்றுமே இல்லை.

அவர் முகம் மலர்ந்தது.

"ஊமை! பொறவி ஊமை! பட்டறையில செஞ்சானா, சட்டியில செஞ்சானா? இத நம்பி நான் ரேடியோவ நிறுத்தணுமாம். கேட்டுக்க ஜொசியான், நான் எதுக்கும் தயாராத்தான் இருந்தேன். ஒண்ணு இரையுது, ஒண்ணு குத்துது, ஒண்ணு ஊமை. நான் இன்னா பண்றது?"

ஜூலுக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்கிறீரா? உம்ம பெட்டி ஊமையானதுக்கா?"

"பெட்டி ஊமையில்ல மாப்ளே. வெளிய வர்ற வாசல்ல உள்ள போவ முட்டிக்கிட்டு நிக்கிறீங்க. நெசமான வாசலத் தண்ணிக் கொழாயில கட்டிட்டீங்க!"

ஜொசியான் எழுந்து வந்தாள். சன்னலோரம் போய்ச் செம்புக் கம்பியை அவிழ்த்துச் சுருட்டி எறிந்தாள். 'டி'யிலிருந்த கம்பியைப் பிடுங்கினாள்.

"இது அந்த்ரே. பிரெஞ்சுல 'இ'ன்னு ஆரம்பிக்கும். உள்ள வர்ற வழி" என்று 'இ' என்றிருந்த துளையில் அதைச் செருகினாள். "'டி'ன்னா த்ருவாத், வலது. 'ஜி'ன்னா கோஷ், இடது. எர்த்தும் இல்ல, கிரவுண்டும் இல்ல. எங்கூட்டுல நாலு வயசுப் புள்ளைக்குத் தெரியும்."

பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். கணவரின் தலையிலிருந்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். மெத்தையிட்ட அந்தப் பெரிய கிண்ணங்கள் இரண்டும் அவள் காதுகளை முழுமையாக மூடின. நாற்காலியை இழுத்து மேசையருகே உட்கார்ந்தாள். குமிழை நன்றாகக் குறைத்தாள்.

கூடத்தில் எந்த ஒலியும் இல்லை. அவள் முகத்தில்தான் ஏதோ நடந்துகொண்டிருந்தது. புருவத்தின் நடுவே எப்போதும் இருக்கும் மடிப்பு மெல்ல அவிழ்வதை ராமலிங்கம் பார்த்தார். இவ்வளவு காலத்தில் அந்த மடிப்பை அவர் அவளுடைய முகத்தின் அமைப்பென்றே எண்ணியிருந்தார்.

"இன்னா, கேக்குதா?" என்றார். "உன்னத்தான்! கேக்குதா?" மேசையைத் தட்டினார். "ஜொசியான்!"

"கேக்குது மாப்ளே" என்றார் ஜூல். "நீங்கதான் கேக்கல."

தட்டு முடிந்த பிறகே அவள் கழற்றினாள். கணவரைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, இத உட்டுட்டுப் போ. ஜப்பான் பெட்டி உனக்கு. இது எனக்கு."

"எடுத்துக்க பாப்பா. பெட்டியில வெச்சுக்கட்டித் தரேன், அங்க வந்து—"

"நான் வரல."

ஜூலின் முகம் சுருங்கியது. "ஏன்? இந்தாளு திருந்திடுவார்னா?"

"யாரு சொன்னா? இவரு காதுல மாட்டணும்னுதான் இத்தினி நாளா நெனச்சேன். எங்காதுல மாட்டிக்கணும்னு தோணவே இல்ல பாரு." பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாள். "எங்கம்மா செத்த வீடு. நான் எதுக்கு அடுத்தவன் குளுர்ல போயி நடுங்கணும்? உனக்குச் சோறாக்க ஆள் வேணும்னா அங்கயே பாத்துக்க."

"இதுக்காகவா இவ்வளவு தூரம் சுமந்தேன்!" என்ற ஜூல் பிரெஞ்சில் ஏதோ வைதார். அவள் பிரெஞ்சிலேயே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தாம் வென்றுவிட்டதாக ராமலிங்கத்துக்கு ஒரு கணம் தோன்றியது. அவள் போகவில்லை. ரேடியோவும் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் தமக்கே ஆதாயம். அதை உறுதி செய்துகொள்பவர்போல் நேரே ரேடியோவிடம் போய்க் குமிழைக் கடைசிவரை திருகினார். வேளாண் செய்திகள் வீடு அதிர முழங்கின. நெற்பயிரில் குலைநோயைத் தடுக்கும் முறைகளை ஒருவர் விளக்கத் தொடங்கினார். அடுத்த வீட்டிலிருந்து சுவரை இடித்தார்கள்.

திரும்பிப் பார்த்தார். ஜொசியான் தட்டை மறுபடி சுழலவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. வலக்கை விரல் தொடையில் தாளம் போட்டது; அது ரேடியோவின் தாளம் அன்று. அவளுக்கு எதிரே போய் நின்றார். இருமினார். "குலைநோய்!" என்று, ஏனென்று அவருக்கே தெரியாமல், கத்தினார். விரல் தாளம் தவறவில்லை.

ரேடியோவை நிறுத்தலாம். நிறுத்தினால் தோற்றதாகிவிடும். எனவே நாற்காலியை அதன் அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஏக்கருக்கு எவ்வளவு மருந்து தெளிக்க வேண்டும் என்பதை, ஒரு சென்ட் நிலமும் இல்லாத ராமலிங்கம், காதைப் பிளக்கும் சத்தத்தில் இறுதிவரை தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.