திங்கட்கிழமை என்று எழுதிய கடிதம்

ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றக்கூடிய உண்மை எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அதற்கு மாறாக எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். எழுபத்தெட்டு வயதில் இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருடங்களுக்கு முன் நடந்தது. அப்போது சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் என் வழக்கறிஞர் அலுவலகம் இருந்தது. கீழே இரும்புச் சாமான் கடை. சத்தியப் பத்திரங்களில் முத்திரை குத்தும் அதிகாரம் எனக்கு இருந்ததால், வெளிநாட்டு ஊழியர்கள் நிறையப் பேர் வருவார்கள். ஊரில் தம்பிக்கு அதிகாரம் கொடுக்க, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குச் சம்மதம் எழுத என்று ஏதாவது ஒரு காகிதம் இருக்கும்.

அவர்களுக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதனால் ஞாயிறு பிற்பகலில் கதவைத் திறந்துவைப்பேன். ஒருமுறை ஒரு தூதரகத்தில், ஞாயிற்றுக்கிழமை எந்த அலுவலகம் இயங்குகிறது என்று சந்தேகப்பட்டு ஒருவரின் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாவம், அவர் மறுபடி லீவு போட்டு அலைந்தார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கையெழுத்தாகும் எல்லாப் பத்திரத்திலும் திங்கட்கிழமைத் தேதியைப் போட ஆரம்பித்தேன். கையெழுத்துப் போடுபவர் எங்கள் முன்னால் நிற்கும் நாளைத்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். எனக்குத் தெரியாதா? நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வந்தவர்தான் அந்த வெல்டர். கப்பல் பட்டறையில் வேலை. நம் வட்டாரத்து நாடு ஒன்றில் நாலு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம். மகளைத் தன் அக்காவின் பொறுப்பில் விட்டுப் பள்ளியில் சேர்க்க ஒரு பத்திரம் கேட்டார். கூட்டம் அதிகம். அவருடைய பக்கம் ஒன்று தப்பாக அடிக்கப்பட்டு, மறுபடி அடிக்க நேரமானது. ஆறு மணிக்கு நாங்கள் கதவைப் பூட்டும்போதுதான் அவரும் எங்களோடு படியிறங்கினார். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

"சார், இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்று கேட்டார்.

"எங்க ஆபீசுக்கு நாளைக்குத்தான்யா விடியும்" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சில மாதங்களில் அவர் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். பிறகு அந்த நாட்டில் ஓர் அமைச்சரைச் சுட்டுக் கொன்றார்கள். ராணுவம் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு பலரைப் பிடித்தது. பிடிபட்ட ஒருவன் அடி தாங்காமலோ என்னவோ, சதி எங்கே தொடங்கியது என்று சொன்னான்: சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹோட்டல் அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். அங்கே இருந்தவர்கள் என்று அவன் கொடுத்த பெயர்களில் நம் வெல்டரின் பெயரும் இருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை. அந்த ஹோட்டலுக்கும் என் அலுவலகத்துக்கும் இரண்டு தெரு தூரம்.

"அன்றைக்கு நான் வக்கீல் ஆபீசில் இருந்தேன்" என்று அவர் ராணுவ நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். அத்தாட்சியாக மகளின் பத்திரத்தைக் கொடுத்திருக்கிறார். அதில்தான் திங்கட்கிழமைத் தேதி இருக்கிறதே. அந்த நீதிமன்றத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது: இந்தப் பத்திரம் எப்போது கையெழுத்தானது?

அன்றே பதில் எழுதினேன். பத்திரத்தில் கண்டுள்ளபடி திங்கட்கிழமை என்று. அதோடு விட்டேனா? திங்களன்று பகலில் அவர் பட்டறையில் வேலையில் இருந்திருப்பார் என்பது உறைத்ததால் "மாலை" என்று ஒரு சொல்லையும் சேர்த்தேன். முத்திரை குத்தி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் மாடியேறி வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். அந்த நாட்டுத் தமிழர். வெல்டருக்காக வாதாடும் வக்கீல். என் கடிதத்தின் நகலை மேசைமேல் வைத்தார்.

"ஐயா, என் கட்சிக்காரரைப் பொய்யர்னு காட்ட அவங்களுக்கு வேற எதுவும் தேவைப்படல. இது ஒண்ணு போதும். வாதாட எனக்குப் பத்து நாள்தான் கொடுத்திருக்காங்க. அதுல ரெண்டு நாளை உங்களைப் பார்க்கச் செலவழிச்சிருக்கேன்."

"பத்திரத்துல என்ன இருக்கோ அதுதாம்மா."

"நீங்களும் வக்கீல். அங்க என்ன தண்டனை கொடுப்பாங்கன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

பழைய விஷயம், நினைவில்லை என்று சொன்னேன். அவர் தன் தொலைபேசி எண்ணை எழுதிவைத்துவிட்டு எழுந்துபோனார்.

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. என்னிடம் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த எழுத்தர் அம்மா வாசலில் வந்து நின்றார்.

"பாஸ், அன்னைக்கு சண்டே லா. நான்தான் அந்தப் பக்கத்தை ரெண்டு தடவை அடிச்சேன். காத்திருந்த எல்லாருக்கும் அந்த ஆள்தான் கீழே போய்க் கோப்பி வாங்கிட்டு வந்தாரு. எனக்கே ஞாபகம் இருக்கு, உங்களுக்கு இல்லையா?"

"உனக்குத் தெரியாது. இதைச் சொன்னா இத்தனை வருஷப் பத்திரமும் கேள்விக்கு வரும். எத்தனை குடும்பம் பாதிக்கும், யோசிச்சியா?"

"ஓ, குடும்பங்களுக்காகவா? நான்கூட உங்க போர்டுக்காகன்னு நினைச்சிட்டேன்."

வாசலில் என் பெயர் எழுதிய பித்தளைப் பலகையைத்தான் சொன்னார். நான் கோபப்பட்டேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு வேறென்ன வரும்? மறுநாளே அவர் தனக்குத் தெரிந்ததை எழுதி, வேறொருவர் முன் உறுதிமொழி எடுத்து அந்த வக்கீலுக்குக் கொடுத்துவிட்டார். என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். ஆனால் வழக்கறிஞரே முத்திரையோடு எழுதியிருக்கும்போது அவரிடம் சம்பளம் வாங்கும் எழுத்தரின் பேச்சை எப்படி நம்புவது என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பொய் சொன்ன என்னை நம்பி, உண்மை சொன்ன அவரைப் பொய்யராக்கினார்கள்.

தீர்ப்பு வந்த அன்று அவர் அலுவலகச் சாவியை என் மேசைமேல் வைத்தார்.

"தூக்கு, பாஸ்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதலாவது ஆள் தன் காகிதத்தை நீட்டினார். தேதி எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தேன். கை ஓடவில்லை. "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்று அவர் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்தார். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். உடனே அந்த வக்கீலுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"இன்னும் நேரம் இருக்காம்மா?"

படைத்தளபதி கையொப்பமிட்டு உறுதிசெய்த பிறகுதான் தண்டனையை நிறைவேற்றுவார்கள் என்றும், அதற்கு முப்பது நாள் தவணை என்றும் சொன்னார். அதில் ஆறு நாள் போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை வேறொரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் வரிசையில் உட்கார்ந்தேன். நடந்தது அத்தனையும் எழுதியிருந்தேன். தேதியை மாற்றும் என் வழக்கம், வெல்டர் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை என் கண்முன் இருந்தது, கடிதத்தில் நான் சொன்ன பொய். முப்பது வருடமாக மற்றவர்களைச் சொல்லவைத்த உறுதிமொழி வாசகத்தை என் வாயால் சொல்லும்போது நடுவில் இரண்டு சொல் விட்டுப்போனது. அந்த இளம் வழக்கறிஞர் பொறுமையாக மறுபடி சொல்லவைத்தார். அன்றே எங்கள் தொழிலைக் கண்காணிக்கும் அமைப்புக்கும் என்மேல் நானே புகார் எழுதினேன். உரிமம் போயிற்று. பழைய பத்திரக்காரர்களைத் தேடி எழுதி, கிடைத்தவர்களுக்கு வேறு வழக்கறிஞர்மூலம் புதிதாகப் பத்திரம் செய்து கொடுக்க இரண்டு வருடம் பிடித்தது. அதற்கு எழுத்தர் அம்மா சனிக்கிழமைகளில் வந்து உதவினார். என்னோடு அதிகம் பேசமாட்டார். வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது தூக்கை ரத்து செய்தார்கள். விடுதலை செய்யவில்லை, ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். காலம் கடந்து வந்த சாட்சியத்தை முழுமையாக ஏற்க முடியாது என்று எழுதினார்களாம். செய்தி சொல்ல வக்கீல் அழைத்தபோது கேட்டுவிட்டேன்.

"முதல்லயே நான் உண்மையை எழுதியிருந்தா விட்டிருப்பாங்களாம்மா?"

"உங்களுக்கு ஆறுதல் சொல்றது என் வேலை இல்ல ஐயா. விட்டிருப்பாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். இப்போ அவர் உயிரோட இருக்கிறதும் உங்க கையெழுத்தாலதான். ரெண்டையும் நீங்கதான் சுமக்கணும்."

ஆட்சி மாறிய பிறகு பொது மன்னிப்பில் அவர் வெளியே வந்தார். எட்டு வருடம் உள்ளே இருந்திருக்கிறார். போன வருடம் அந்த வக்கீலிடம், ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க அவர் சம்மதிப்பாரா என்று கேட்கச் சொன்னேன். பயணப்பையைக்கூட எடுத்து வெளியே வைத்துவிட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது.

"வேணாம்னு சொல்லிட்டார் ஐயா. கோபமாச் சொல்லல. மக இப்போதான் அவரை அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சிருக்காளாம். வீட்டுல அந்தப் பேச்சே வேணாங்கிறார்."

நான் போகவில்லை. ஆங் மோ கியோவில் என் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போய்க் காலில் விழுந்திருந்தால் என் மனம் லேசாகியிருக்கும். ஆனால் அவருடைய வீட்டின் அமைதியைக் கெடுத்துத்தான் அந்த நிம்மதியை நான் வாங்கியிருக்க வேண்டும். அவரிடம் ஒருமுறை அப்படி வாங்கியது போதும்.