அக்கா மூடிவைத்த ஓரங்கள்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து, வருகிற மழைக்காலத்தோடு ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட நினைவு மலரை ஆண்டுத் திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் கையில் கொடுப்பதுதான் வழக்கம். நான் இதை முன்னதாகவே தபாலில் அனுப்புகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் புரட்டிப் பார்க்க வேண்டாம். அவசரக்காரர்களை அக்காவுக்குப் பிடிக்காது.

அக்கா பிறந்தது தேவாலாவில், ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில். மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாத ஊர் அது. எங்கள் பெற்றோர் தோட்ட வேலைக்குப் போவார்கள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவர் அக்காதான். படிப்பைப் பாதியில் விட்டுத் தையல் கற்றார். அந்தத் தையலில்தான் நான் ஐ.டி.ஐ. முடித்து, குன்னூர் பக்கத்து வெலிங்டனில் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போனேன்.

மணமாகிக் குன்னூருக்கு வந்தார். அத்தான் லாரி ஓட்டினார். குழந்தை குட்டி என்று எதுவும் ஆகும் முன்பே மலைப்பாதை விபத்தில் அவர் இறந்துபோனார். மறுமணப் பேச்சை எடுத்த உறவினர்களிடம் அக்கா, "எனக்கு மிஷின் இருக்குதுங்க, போதும்" என்றார். மார்க்கெட் பக்கம் ஒரு தையல் கடையில் பள்ளிச் சீருடைகள் தைத்தே காலத்தை ஓட்டினார்.

என் மனைவி இறந்து, மகளும் வேலைக்காகப் பெங்களூர் போன பிறகு அக்கா வந்து என் வாசலில் நின்றார். "ரெண்டு ஊட்ல ரெண்டு அடுப்பு எதுக்கு கண்ணு? மூட்டையக் கட்டு" என்றார். கட்டினேன். அக்காவிடம் மறுத்துப் பேசி ஜெயித்தவர் யாருமில்லை.

அக்காவின் போர்வைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நீங்கள் அவற்றைப் போர்த்தித் தூங்கியவர்கள். எப்படித் தைத்தார் என்பது தெரியாது. மற்றவர்கள் முழுப் போர்வையையும் தரையில் விரித்து, நடுவில் பஞ்சு வைத்து மொத்தமாகத் தைப்பார்கள். எங்கள் வீட்டில் விரிக்க இடம் கிடையாது. மழைக்காலத்தில் சிமெண்டுத் தரையும் ஈரமாகவே கிடக்கும். அதனால் அக்கா மடியில் அடங்கும் அளவுக்கு ஒவ்வொரு கட்டமாகத் தைப்பார். மேலே சீருடைத் துண்டுகள், நடுவில் பழைய கம்பளி, அடியில் பழஞ்சேலை. அந்தக் கட்டத்தின் வேலை முழுவதும் முடிந்துவிடும்; நான்கு ஓரத்திலும் ஒரு விரல் அகலம் மட்டும் தைக்காமல் விடுவார். பிறகு ஓரத்தோடு ஓரம் வைத்துக் கட்டங்களை இணைப்பார்.

கட்டம் தைக்க அக்கா ஒருவரே போதும். இணைக்கும்போதுதான் இன்னொரு ஆள் வேண்டும். கம்பளி வைத்த போர்வை கனக்கும். மேஜையிலிருந்து தொங்கினால் தையல் கோணும். அந்த இன்னொரு ஆள் நான். "இழுக்காத, தூக்காத, சும்மா ஏந்திட்டு நில்லு" என்பார். கரண்ட் கம்பத்தில் ஏறியவனுக்கு அது ஒரு வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டே நிற்பேன். அந்த நேரத்தில்தான் நாங்கள் ஊர்க்கதை எல்லாம் பேசுவோம்.

பிறகு எனக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. சட்டைப் பித்தான் போட முடியாமல் போகவே, அக்கா எனக்குத் தலைவழி மாட்டும் சட்டைகள் தைத்துக் கொடுத்தார். பழைய சட்டைகளைக் கத்தரித்துக் கட்டங்களில் சேர்த்தார். ஆனால் இணைக்க என்னைக் கூப்பிடவே இல்லை. ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அக்கா கையிலிருந்த கட்டத்தின் நான்கு ஓரமும் உள்ளே மடித்துத் தைத்திருந்தது; அப்படி மூடிவிட்டால் இணைக்க ஓரமே இருக்காது. கேட்டதற்கு, "மெதுவா ஆகட்டும் கண்ணு" என்றார். இனி நான் எதற்கும் உதவ மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டார் என எடுத்துக்கொண்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சென்ற ஆண்டு மழையில் அக்காவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு நடுவிலும், "கைக்கு எண்ணெய் போட்டியா?" என்றுதான் கேட்டார். மறுநாள் விடியும் முன் அமைதியானார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த உங்களிடம் நான்தான் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஓரம் மூடிய கட்டங்கள். இனி இணையப் போவதில்லை. ஆளுக்கொன்று நினைவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்துப் போனீர்கள். பெட்டியில் சில கட்டங்களே மிஞ்சின.

அதன் பிறகு வீடு பெரிதாகிவிட்டது. ஒரு டம்ளர் டீக்குப் பால் அளக்க எனக்கு இன்னும் வரவில்லை. மிஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். மகள் தினமும் போன் செய்கிறாள், சாப்பிட்டேன் என்கிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் குழம்பு கொண்டுவந்தார்; தையல் தெரிந்தவர், எனக்குத் தங்கை மாதிரி. மிஞ்சிய கட்டங்களைப் பார்த்ததும் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"மீதியெல்லாம் எங்கீங்ணா?"

"ஓரத்த மூடிட்டாங்களே, இனி சேராதுன்னு குடுத்துட்டேன்மா."

"ஏனுங்ணா, இது மூடுன தையலா? பிசிறு பிரியாம இருக்கறதுக்குச் சும்மா நூல் ஓட்டி வெச்சிருக்காங்க, பாருங்க."

நூல் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஓரம் முழுவதும் திறந்துகொண்டது. இணைப்பதற்காக விட்ட ஒரு விரல் அகலம் அப்படியே இருந்தது.

"நான் வந்து ஏந்திக்கறனுங்கக்கான்னு எத்தன தடவ கேட்டேன் தெரியுங்களா? 'அது தம்பி வேலைங்க. அவங் கை வரட்டும். போர்வையே அவனுக்குத்தான்'னுட்டாங்க."

அவர் போன பிறகு அந்தக் கட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். என் நீலச் சட்டைத் துணி அது.

அக்காவைக் கவனித்த மருத்துவருக்கும் நர்சுகளுக்கும், கொட்டும் மழையில் குழி வெட்டிய கோயில் பிள்ளைகளுக்கும், இன்றுவரை எனக்குக் குழம்பு தரும் பக்கத்து வீட்டுத் தங்கைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் எல்லோருக்கும் நன்றி.

இனி, முன்பே தபாலில் அனுப்பிய காரணம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மரியாதையில்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். நினைவுத் திருப்பலிக்கு வரும்போது நீங்கள் எடுத்துப் போன கட்டத்தைக் கொண்டுவாருங்கள். மிஷினில் தங்கை உட்காருகிறார். இடது கை எனக்கு நன்றாகவே இருக்கிறது. வலது கையும் இப்போது தோள்வரை எழும்புகிறது. மறுமுனையில் நான்தான் ஏந்திக்கொண்டு நிற்பேன். பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் ஊசிமுனை தெரியாது.