நாற்பத்திரண்டாம் பக்கம்

மீனாச்சி இறந்து ஒரு மாதமாகிறது. அவள் கற்பித்த பள்ளியின் மலருக்கு அவளைப் பற்றி நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அதில் நான் எழுதாமல் விட்டது இது.

அவள் மலாக்காவின் காஜா பெராங்கில் செட்டி வீட்டுப் பெண். பல தலைமுறைக்கு முன் வணிகத்துக்கு வந்து, இங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழி. சாமியும் பெயரும் தமிழ், வீட்டில் பேச்சு மலாய். எங்களுக்குள்ளும் மலாய்தான், இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை, வந்து இரண்டு ஆண்டு கழித்துக் கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் சேர்ந்தோம். விடுதியில் முதல் வாரமே ஒருத்தி கேலி செய்தாள்.

"தமிழ் தெரியாத மீனாச்சியா? எந்த ஊர் அம்மன் நீ?"

"காஜா பெராங் அம்மன். உங்க ஊர் அம்மனுக்கு மலாய் தெரியுமான்னு கேட்டுச் சொல்லு லா!"

நான் தமிழ் இலக்கியம் படித்தேன், அவள் வரலாறு. அவளுக்கு ஒரு செய்திக்கு ஓர் அட்டை. மேல் மூலையில் எந்த ஏடு, எந்தப் பக்கம். கீழே யார் சொன்னது. நான் வீட்டுக் கதை ஏதாவது சொன்னால்கூட, "எங்கே பார்த்தே? யார் சொன்னா?" என்பாள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தன் செட்டிச் சமூகத்தின் பழைய திருமணங்களை எடுத்துக்கொண்டாள். முதல் வகுப்பு கிடைத்தால் மலாக்காவை முன்பு ஆண்ட டச்சுக்காரர்களின் ஆவணங்களைப் படிக்க ஹாலந்துக்கு அனுப்புவதாகத் துறையில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

கோயில் கணக்கர் ஒருவர் நூறாண்டுக்கு முன் எழுதிய குடும்பக் குறிப்பேடு ஒன்று அவள் அப்பா ஏகாம்பரத்தின் பொறுப்பில் இருந்தது. முழுக்கத் தமிழ். அந்த வீட்டில் யாராலும் வாசிக்க முடியாது. விடுமுறையில் என் ஊரான புக்கிட் ரம்பாயிலிருந்து தினமும் சைக்கிளில் போய் நான் வாசித்து மலாயில் சொல்வேன். அவள் அட்டையில் எழுதுவாள். நான் பாக்சிக், மாமா, என்று கூப்பிடும் நெஞ்சுச் சளிக்காரரான அவள் அப்பா பிரம்பு நாற்காலியில் கேட்டுக்கொண்டிருப்பார்.

"எங்க மூத்த பாட்டியம்மா ஜாவா பெரிய வணிகரோட மகள். ஏழு படகுல சீர் வந்துச்சாம்," என்று அவர் சொல்லாத நாளில்லை.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அந்தப் பாட்டி, அவர்கள் மூதாதை அப்பாசாமியின் மனைவியாக, வந்தாள். 'ஜாவாக் கப்பலில் வந்த அடிமைப் பெண், வயது பதின்மூன்று. அப்பாசாமி விலைக்கு வாங்கிப் பேர் மாற்றி மணம் செய்தது.'

அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஜாவாப் பெண். அப்பாசாமி மணம் செய்தது," என்றேன்.

"அவங்க அப்பா பேர் போட்டிருக்கா?"

"இல்லை, பாக்சிக்."

மீனாச்சி எழுதிக்கொண்டாள். அட்டையின் கீழே என் பெயர்: வாசித்தது கோகிலா.

அப்பாவின் மகிழ்ச்சிக்காக அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஆய்வின் பின்னிணைப்பில் சேர்த்தாள். நேர்காணலில் தமிழ் தெரிந்த தேர்வாளர் ஒருவர் படத்தைப் பார்த்து உரக்க வாசித்தார். உன் குடும்பத்துக்கு இழுக்கு என்று மறைத்தாயா என்று கேட்டார்கள். என் பெயரை அவள் சொல்லவில்லை. "ஆய்வு என்னுடையது, தவறும் என்னுடையது" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். குறைந்த வகுப்பில் தேர்ச்சி கொடுத்தார்கள். ஹாலந்து போயிற்று. தட்டச்சுப் பிரதி திருத்தப்படாமலே நூலகத்துக்குப் போனது.

நேர்காணல் நடந்த அன்று மாலை உணவகத்தில் என் எதிரில் அந்தப் படத்தை வைத்தாள்.

"வாசி."

வாசித்தேன். ஒரு சொல் விடாமல்.

"இது அன்னைக்கும் இருந்துச்சா?"

"உங்க அப்பா எதிர்ல இருந்தார், மீனாச்சி."

"அன்னைக்கு இருந்தார். மறுநாள்? பஸ்ல? ஹாஸ்டல்ல? எட்டு மாசம் லா, கோகிலா."

நான் படத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"நான் அழுதிருப்பேன். அழுதுட்டு எழுதியிருப்பேன். பதிமூணு வயசு. அந்தப் பொண்ணைப் பத்தி உலகத்துல இருக்கறதே அந்த ஒரு வரிதான்."

மலாக்காவில் ஒரு பள்ளியில் ஆசிரியையானாள். ஒன்றாம் வகுப்புப் பாடநூலை வாங்கித் தமிழ் கற்றாள். சனிக்கிழமைகளில் வரிமேல் விரல் வைத்து அந்த ஏட்டை முதலிலிருந்து வாசித்தாள். மூன்று ஆண்டுகள் ஆயின. "மத்ததெல்லாம் சரியாத்தான் வாசிச்சிருக்கே," என்றாள் ஒருநாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுத அவளுக்கு ஆசை. அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன் என்றாள். அவர் இருமினால் அடுத்த வாரம். நன்றாகச் சிரித்துப் பேசினால் அதற்கும் அடுத்த வாரம். "உனக்கு அன்னைக்கு ஏன் வாய் வரலைன்னு இப்பத்தான் தெரியுது," என்றாள். அதற்குள் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. இருபத்தேழு வயது. அப்பா இருக்க, அவள் போனாள்.

காரியத்தன்று சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர்களிடம் அவர் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க மூத்த பாட்டியம்மா ஜாவா வணிகரோட மகள். சும்மா சொல்ற கதையில்ல. என் மீனாச்சி ஏட்டைப் பார்த்து எழுதியிருக்கா. யூனிவர்சிட்டி நூலகத்துல அவ பேரோட இருக்கு." கூட்டத்தில் என்னைத் தேடினார். "அனாக், மகளே, நீதானே வாசிச்சே? சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமென்று தலையசைத்தேன்.