முகூர்த்த நாள் சம்பளம்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் எனக்கு ஒரு கமிஷன் கடை இருக்கிறது. நிறையப் படிப்பவன் என்று பெயர் வேறு. பிளஸ் டூ முடித்த மகளை எங்கே சேர்ப்பது என்பதில் அந்தப் படிப்பெல்லாம் கைவிட்டுவிட்டது.

ஒரு தனியார் பல்கலைக்கழகம் இடம் தந்தது. நான்கு வருடத்துக்கு இருபது லட்சம். அங்கே படித்த ஒருவருக்கு வருடச் சம்பளமே இருபது லட்சம் என்று அவர்களுடைய வண்ணப் புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது. ஒரே வருடத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டு, கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் எங்கள் மல்லிகைத் தோட்டத்தை அடகு வைக்கக் கிளம்பினேன்.

பத்திரத்தை எடுக்கும்போது மகள் கேட்டாள்.

"யப்பா, முகூர்த்த நாள் மல்லி விலைய நம்பி தோட்டத்து மேல கடன் வாங்குவீயளா?"

"எனக்கென்ன கிறுக்கா? சாதா நாள் விலையத்தான் பாக்கணும்."

"அப்போ இந்தப் படத்துல இருக்கவரு சம்பளம் முகூர்த்த நாள் விலைலா? மத்தவங்க என்ன வாங்குதாங்கன்னு கேட்டீயளா?"

கேட்கவில்லை. பத்திரம் பீரோவுக்குள் திரும்பிப் போனது.

இப்போது எந்தக் கல்லூரிக்குப் போன் செய்தாலும், சுமாராகப் படித்தவருக்கு என்ன சம்பளம், வேலை கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒருவர் மெயில் அனுப்பச் சொன்னார். இன்னொருவர் ஹாஸ்டல் சாப்பாட்டைப் புகழ்ந்தார். எனக்கு முன்பைவிடக் குழப்பம் கூடியிருக்கிறது. ஆனாலும் தோட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புவது கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருக்கிறது.