க்ளைமாக்ஸ் பார்க்காத ஜீப்

போன மாதம் என் மகள் என்னைப் போடிமெட்டுக்கு மேலே ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "அம்மா, ரெண்டு நாள் ரிலாக்ஸா இரு. யார்கிட்டயும் சண்டை போடாத" என்று காரில் ஏறும்போதே சொல்லிவிட்டாள். என் சுபாவம் அவளுக்குத் தெரியும். பிரஷர் மாத்திரையைக்கூட அவளே எடுத்து வைத்தாள். அறைக்குள் நுழைந்ததும் ஏலக்காய் வாசம். ஆகா என்று மூச்சை இழுத்தால், சுவரில் மாட்டியிருந்த ஒரு டப்பா அதைப் புஸ்ஸு புஸ்ஸென்று அடித்துக்கொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மலை பூராவும் ஏலச்செடி, உள்ளே டப்பா! அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

சாயங்காலம் புல்வெளியில் திரை கட்டிப் படம் போட்டார்கள். மெத்தை, தலையணை, போர்த்திக்கொள்ளக் கம்பளி எல்லாம் உண்டு. பழைய படம்தான். ஆசையாக உட்கார்ந்தேன். படம் முடியப் போகிற நேரம் பார்த்து அந்தப் பக்கம் கோழி சுடும் வாசம் வந்தது. அவ்வளவுதான், கூட்டம் ஒவ்வொருத்தராக எழுந்து தட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "உக்காருங்கப்பா! முடிவு வரப்போகுதுல்ல, பாத்துட்டுத்தான் போங்களேன்!" என்று கத்திவிட்டேன். மகள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். ஒரு பையன் "கூல், ஆன்ட்டி" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கூலாம். ஒரு படத்தின் முடிவைப் பார்க்க நாங்கள் பட்ட பாடு இவனுக்கு என்ன தெரியும்? நீங்களாவது கேளுங்கள்.

பத்தாவது முடித்த கையோடு நான் ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போனவள். அதே மலைதான், இன்னும் கொஞ்சம் உள்ளே. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் அடுத்தடுத்த வீடுகள், பக்கத்து வீட்டில் பேச்சியம்மா. என் வயசுதான். சிரித்தால் கீழ்ச் சரிவு வரைக்கும் கேட்கும். வாரம் பூராவும் ஈரத்தில் குனிந்து குனிந்து காய் எடுத்து, விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய்க் கிடப்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எஸ்டேட் ஜீப் எங்களைக் கீழே போடி டவுனில் இறக்கிவிடும். ஓட்டுவது தங்கராசு அண்ணன். எத்தனை பேர் ஏறினாலும் "இன்னும் ஒரு ஆளு ஏறலாம் ஆத்தா" என்பார். வாரத்துக்குச் சாமான் வாங்குவது என்பது சும்மா பேருக்கு. அரக்கப்பரக்க வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு மேட்னிக்கு ஓடுவோம்.

தியேட்டரில் பெண்கள் பக்கம் ஒரு வரிசை எங்களுடையது. காலுக்கடியில் சாமான் பை, பைக்குள் கருவாடு. எங்கள் மேல் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஏலக்காய் வாசம். ரெண்டும் கலந்து ஒரு வாசம் வரும் பாருங்கள், முன் வரிசை டவுன் பெண்கள் மூக்கைப் பொத்துவார்கள். பேச்சி வேண்டுமென்றே பையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளுவாள். இடைவேளையில் ஆளுக்கொரு கலர் சோடா, கடலை மிட்டாய். ராணிகள் கெட்டார்கள்!

ஆனால் ஒரு படத்தையும் நாங்கள் முடிவு வரைக்கும் பார்த்ததில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எஸ்டேட் கேட்டில் பூட்டு விழுந்துவிடும். அது மேனேஜர் போட்ட சட்டம். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி அதற்குள் போய்ச் சேர வேண்டுமென்றால், கதாநாயகன் சட்டைக் கையை மடிக்கிற நேரத்தில் நாங்கள் கிளம்பியாக வேண்டும். வெளியே தங்கராசு அண்ணன் ஹாரன் அடிப்பார். வரிசையாகப் பையைத் தூக்கிக்கொண்டு எழுவோம். டவுன் ஆட்களுக்கு இது பழகிப்போய், "ஏலக்காக் கூட்டம் எந்திரிச்சிருச்சுடா, சண்ட வரப்போகுது!" என்று விசிலடிப்பார்கள். அவர்களுக்குப் படம் சூடு பிடிப்பதற்கு நாங்கள்தான் அடையாளம்.

மிச்சப் படம் ஜீப்பில் ஓடும். அடிவாரத்து முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஆளாளுக்கு முடிவு சொல்வார்கள். ஒருத்தி கதாநாயகியைக் கொல்வாள், ஒருத்தி வில்லனுக்குத் தங்கச்சியைக் கட்டி வைப்பாள். கடைசியில் பேச்சி வாயைத் திறப்பாள். அவள் முடிவில் ஒருத்தரும் சாக மாட்டார்கள். "காசு குடுத்துப் படம் பாக்க வந்தவள அழவிட்டு அனுப்புறதுக்கு அவுகளுக்கு என்ன உரிம இருக்கு?" என்று கேட்பாள். அவள் சொன்னதுதான் எங்கள் லயத்தில் செல்லுபடியாகும். பல வருஷம் கழித்து அதில் ஒரு படத்தை டிவியில் பார்த்தேன். கதாநாயகி மலையிலிருந்து விழுந்து செத்துப்போனாள். வந்த கோபத்தில் டிவியை அணைத்துவிட்டேன். பேச்சி சொன்னபடி அவள் தையல் கடை வைத்திருக்க வேண்டும்.

அப்படி இருக்கும்போது பேச்சிக்குக் கல்யாணம் முடிவானது. தேவாரம் ஊர்க்கார மாப்பிள்ளை, தோட்டம் துரவு உள்ள இடம். "அந்த வீட்டுல பொம்பளைகள படத்துக்கு விடமாட்டாகளாம் புள்ள" என்றாள் என்னிடம். "போறதுக்குள்ள ஒரு படத்தயாச்சும் முழுசாப் பாத்துரணும்."

சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றாள். துணைக்கு நான்.

"சார், நாளைக்கு ஒருநா மட்டும் கேட்டக் கொஞ்சம் பொறுத்துப் பூட்டுங்க சார்."

"எதுக்கு?"

"படத்த முழுசாப் பாக்கணும் சார்."

அந்த ஆள் சிரித்தான். அவன் இவன் என்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும், இந்த இடத்தில் எனக்கு மரியாதை வராது. "முடிவத் தெரிஞ்சு நீ என்ன செய்யப்போற? காய் எடுக்க க்ளைமாக்ஸ் எதுக்கு?" என்றான். இவன் யார் தெரியுமா? பங்களாவில் வீடியோ டெக் வைத்து, வாரா வாரம் போடியிலிருந்து கேசட் வரவழைத்துப் பார்க்கிறவன். அந்தக் கேசட்டைக் கொண்டுவருவதும் எங்களை ஏற்றிவரும் அதே ஜீப்தான். எங்கள் மடியில் அவனுடைய முடிவு வரும், எங்களுக்கு முடிவு கிடையாது. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் தியேட்டருக்கு வெளியே ஹாரன் அடித்தபோது பேச்சி எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன், அவளைப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் வரிசையே உட்கார்ந்துவிட்டது. ஹாரன் விடாமல் கத்துகிறது. டவுன் ஆட்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். தங்கராசு அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"ஏ ஆத்தாகளா, என் சோலிய முடிச்சிருவீக போலயே! வெரசா எந்திரிங்க!"

"அண்ணே, மறைக்காதீக, உக்காருங்க" என்றாள் பேச்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனுஷன் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சுவரோரமாகச் சாய்ந்து நின்றுவிட்டார். அவரும் பாவம், இத்தனை காலமும் வெளியே நின்று ஹாரன் அடித்தவர்தானே. முடிவு வந்தது. வில்லன் திருந்திக் கையெடுத்துக் கும்பிட்டான். ஒருத்தரும் சாகவில்லை. பேச்சி என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"ஏ, இது நான் ஜீப்புல எப்பவும் சொல்ற முடிவுல்ல? திருடிட்டாய்ங்க புள்ள!"

சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. விளக்குப் போட்டு எல்லாரும் போன பிறகும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மேலே போனால் கேட் பூட்டியிருந்தது. மழைத்தூறலும் மேகமும். மேனேஜர் குடையோடு உள்பக்கம் நிற்கிறான், நாங்கள் வெளிப்பக்கம். அரிசிப் பை நனைகிறது, திறக்கவில்லை. "சார், தப்பு என்னோடது. இவுகள உள்ள விடுங்க" என்றாள் பேச்சி. அவன் சத்தம்கூடப் போடவில்லை. திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும். சாவியைப் போட்டுக்கொண்டே, "இனிமே ஞாயித்துக்கிழமை ஜீப் கிடையாது. சாமானெல்லாம் லாரியில வந்துரும், நீங்க அலைய வேண்டாம்" என்றான். எங்களுக்கு நல்லது செய்கிற மாதிரி! தங்கராசு அண்ணனை அந்த வாரமே நிறுத்திவிட்டான். மெட்டு வரைக்கும் நடந்து பஸ்சைப் பிடிக்கலாம்தான். ஆனால் இருட்டில் ஆனை நடமாடும் பாதையில் திரும்பி வருவது யார்?

அடுத்த ஞாயிறு லயத்து வாசலில் வட்டமாக உட்கார்ந்தோம். யாரோ, "பேச்சி, ஒரு கத சொல்லு" என்றார்கள். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

"முடிவு இல்லேன்னா நாமளே சொல்லிக்கிறலாம். ஆரம்பமே இல்லாம நான் என்னத்தச் சொல்ல?"

எழுந்து துணி துவைக்கப் போய்விட்டாள்.

"இப்பத்தான் ஃபோன்லயே எல்லாப் படமும் இருக்கேம்மா" என்கிறாள் மகள். இருக்கிறது, மறுக்கவில்லை. போடியிலிருந்து காலையில் ஆளேற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்க்கிறேன், ஒவ்வொரு காதிலும் ஒரு வயர், ஒருத்தி படம் இன்னொருத்திக்குத் தெரியாது. தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. தங்கராசு அண்ணன் இல்லை. அந்த மேனேஜர் நன்றாக இருக்கிறானாம், பேரன் பேத்தி எடுத்துவிட்டானாம். இருக்கட்டும். நான் வாழ்த்த மாட்டேன்.

ரிசார்ட்டிலிருந்து வந்த அன்று தேவாரத்துக்குப் பேச்சிக்கு ஃபோன் போட்டேன். சுவரை அடைக்கிற டிவி வாங்கியிருக்கிறார்களாம். "ஆனா தனியாப் பாக்கச் சலிக்குது புள்ள. முடிவு சரியில்லேன்னா யாரு கூடச் சண்ட போடுறது?" என்றாள். அந்த ஜீப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது எங்கே என்றே எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அடம் பிடித்து முழுசாகப் பார்த்தோமே, அதுதான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்த கடைசிப் படம்.