கன்னத்தில் மை வைத்தவர்களுக்கும் சேர்த்து

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட கட்டுரைகளில் மறைந்தவரைப் பொறுமையின் சிகரம், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். அக்கா அதிர்ந்து பேசுவார். அவருடைய தங்கை நானும் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். வந்தவர்கள் மனம் நோகாமல் நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று அண்ணன் சொன்னார். அக்காவின் மனம் நொந்த நாட்களில் யாரும் அப்படிக் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அக்கா பிறந்தது ஜொகூர் மாநிலத்தில், பொந்தியானில். அப்பா அன்னாசித் தொழிற்சாலையில் லாரி ஓட்டினார். மூன்று பிள்ளைகளில் அக்கா மூத்தவர், அடுத்தது அண்ணன், கடைசி நான். எனக்கு ஆறு வயதில் அம்மா இறந்துபோனார். அப்போது அக்காவுக்குப் பதினேழு. சமைத்து வைத்து, எனக்குச் சடை பின்னிவிட்டு, அதன் பிறகு தன் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார். அப்பாவிடம் அடம் பிடித்துத் தாதிப் பயிற்சிக்குப் போனார். முதலில் பத்து பாகாட் ஊரில் வேலை. பிறகு மாசாய்க்கு வந்து, ஓய்வு பெறும்வரை ஓர் அரசாங்கக் கிளினிக்கில் குழந்தைகள் பிரிவில் இருந்தார்.

அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் சிவப்புக் கம்பளி நூல் பந்து, பத்து மரக்கட்டைகள், சின்ன மணி. நாலு மாதப் பிள்ளை தலையை நிமிர்த்திப் பந்தைக் கண்ணால் தொடர்கிறதா, ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காருகிறதா, ஒன்றரை வயதில் நடக்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறதா என்று கல்யாண வீட்டில்கூடப் பார்ப்பார். ஐந்து விரலும் ஒன்றுபோலவா இருக்கிறது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். ஒன்றுபோல இருக்க வேண்டாம், ஆனால் ஐந்தும் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டாமா என்று கேட்பார் அக்கா. கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது அவருடைய கட்சி.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டு ஆட்களுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. பிள்ளை இல்லாதவள் பிள்ளையை உற்றுப் பார்த்தால் கண்பட்டுவிடும் என்றார்கள். வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே பிள்ளையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு ஏறும். அக்கா அதைப் பார்ப்பார், பார்க்காததுபோல மரக்கட்டைகளை எடுத்து வைப்பார். கிளினிக்கில் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் இந்தக் கைதான் தூக்கியது. என் மகள் ரூபிணியின் முப்பதாம் நாள் சடங்கில், தொட்டிலில் போட மட்டும் அந்தக் கை ஆகாது என்றார்கள். அக்கா சமையல்கட்டில் தட்டு துடைத்துக்கொண்டு நின்றார். நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். போட்டோவுக்குச் சிரித்தேன்.

ரூபிணிக்கு ஏழு மாதம் இருக்கும்போது அக்கா அவள் முதுகுக்குப் பின்னால் இருந்து மணியை ஆட்டினார். திரும்பவில்லை. இந்தப் பக்கம் ஆட்டினார், அந்தப் பக்கம் ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பாவுக்குக் காத டெஸ்ட் பண்ணிடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். என் மாமியாருக்கு ஆகவில்லை. தன் மகன் மூன்று வயதில்தான் வாய் திறந்தானாம், இப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதில்லையாம். கையோடு பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். அக்காவின் கிளினிக்கை விட்டுவிட்டு, பாசிர் கூடாங் பக்கம் வேறு கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன வயது மலாய்த் தாதி வளர்ச்சிப் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாளா? போலே என்று மலாயில் சொன்னேன். முடியும் என்று புத்தகத்தில் கோடு போட்டாள். அம்மா, அப்பா சொல்வாளா? போலே. சொன்னதைச் செய்வாளா? போலே. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றுக்கும் போலே. பரீட்சையில் என் பிள்ளை தோற்றுவிடக் கூடாது என்பதுபோல நான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் கௌரவம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வயதில் அக்கா மறுபடியும் வந்து அதையே சொன்னார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "பெத்த எனக்குத் தெரியாதது உங்களுக்கு என்னாக்கா தெரியும்?"

அக்கா மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக டின்னில் போட்டு மூடினார். போட்டு வைத்த தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார். வாராவாரம் கைப்பேசியில் 'பாப்பா எப்படி' என்று மட்டும் கேட்பார். நலம் என்று பதில் போடுவேன்.

ரூபிணிக்கு மூன்று வயது ஆன புதிதில், கேட்டுக்கு வெளியே ரோட்டில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஹார்ன் அடித்தார், மறுபடியும் அடித்தார். அவள் நகரவில்லை. அவர் வண்டியை ஒடித்து, சாக்கடை ஓரம் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். எழுந்து வந்து என்னிடம் கேட்டார்: "ஏங்க, பாப்பாவுக்குக் காது கேக்காதா?" ஒரு நிமிடம்கூடப் பழகாத மனிதருக்குத் தெரிந்தது. நமக்குத் தெரியவில்லை. இல்லை, தெரிந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன். அரை மணி நேரத்தில் வந்தார். நான் அழ ஆரம்பித்ததும் ஒரு அதட்டல். "அழுவுறத அப்புறம் வச்சுக்க. பாப்பா புத்தகத்த எடு, கார்ல ஏறு."

இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்றார் மருத்துவர். மெஷின் வைக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், ஆனால் பேச்சு வளர வேண்டிய முக்கியமான காலத்தில் கொஞ்சம் போய்விட்டது என்றார். அக்கா கிளினிக் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என் போலேக்கள் வரிசையாக நின்றன. என்னை அடித்திருக்கலாம். "இந்த மிஸ்ஸி சின்னப் பொண்ணு போல. பாத்து சொல்லணும், அம்மா சொல்றத எழுதாத, பிள்ளையப் பாருன்னு" என்று அந்தத் தாதியைப் பற்றிச் சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து, வேலை இல்லாத நாட்களில் எல்லாம் ரூபிணியை ஜொகூர் பாருவுக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனது அக்காவும் அவர் வீட்டுக்காரர் மாமாவும்தான். ரூபிணி முதலில் தெளிவாகச் சொன்ன சொல் 'பெரிம்மா'. அந்தச் சொல்லுக்கு நான் பொறாமைப்படவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை.

ரூபிணி பெரிய மனுஷி ஆனபோது உறவினர்கள் மறுபடியும் கூடினார்கள். போட்டோவில் காது மெஷின் தெரியாமல் பூவை இறக்கி வைக்கச் சொன்னார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றப் பிள்ளை பெற்றவர்கள் மட்டும் வரட்டும் என்றார்கள். அக்கா பழக்க தோஷத்தில் சமையல்கட்டுப் பக்கம் நடந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் திறந்துவிட்டாள்.

"பெரிம்மா ஊத்தலன்னா நான் உக்கார மாட்டேன். பூவும் வேணாம்."

பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறாளே என்று ஒருவர் முணுமுணுத்தார். அக்கா சிரித்தார். "இந்த வயசுல எதுத்துப் பேசணும். பேசலன்னாத்தான் நான் கவலப்படுவேன்" என்று சொல்லிவிட்டு வந்து முதல் சொம்பை ஊற்றினார். இப்போது ரூபிணிக்குப் பதினான்கு வயது. கதவைச் சாத்திக்கொள்கிறாள், காரணம் இல்லாமல் கோபப்படுகிறாள், தோழிகள் சொல்வதே வேதம். இதுவும் பட்டியலில் இருக்கிறது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். அதனால் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறேன்.

கடைசி ஐந்து மாதம் அக்காவைப் புற்றுநோய் படுத்தியது. பார்க்க வந்தவர்களில் இருவர், பாவம், கொள்ளி வைக்க ஒரு பிள்ளை இல்லையே என்று அவர் காதுபடவே பேசிவிட்டுப் போனார்கள். அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும், இரவும் பகலும் பக்கத்தில் இருந்த மாமாவுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அண்ணனுக்கும், கூடச் சேர்ந்து உழைத்த கிளினிக் நண்பர்களுக்கும், பெயர் தெரியாத அந்த மோட்டார் சைக்கிள்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒன்று மிச்சம் இருக்கிறது. போன மாதம் நம் வீட்டு விசேஷத்தில் பத்து மாதப் பிள்ளை ஒன்றைப் பார்த்தேன். பிடிக்காமல் உட்காரவில்லை, விட்டால் சரிகிறது. குண்டுப் பிள்ளை, அதனால்தான் என்றார்கள். கிளினிக்கில் காட்டலாம் என்றேன். "உங்க பிள்ளைக்கு இருந்தா எல்லாப் பிள்ளைக்கும் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, அதன் அம்மா என் கண் முன்னாலேயே அதன் கன்னத்தில் மை வைத்தாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த மலர் அவள் கையிலும் இருக்கிறது.

நல்லாப் படிச்சுக்கம்மா. ஒன்றும் இல்லை என்று கிளினிக்கில் சொன்னால் உன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உன் கேட்டில் நிற்பேன். பிள்ளைக்கு எவ்வளவு மை வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனால் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏறு. அக்காவின் டின் என் மடியில் இருக்கும்.